உறைந்த ஏரியும் ஆறாம் திணையும்

புலம்பெயர்ந்தோர் எழுத்துக்கு 'ஆறாம் திணை' என்று பெயர் சூட்டிப் பல வருடங்களாகிவிட்டன. ஐந்து திணைகளுக்கு அப்பால் பனியும் பனி சார்ந்த நிலமும் என்று இன்னொரு திணை பிறந்துவிட்டதாகச் சொல்லும் இந்தப் பேச்சோடு எஸ்.பொ.வின் பெயரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். அவரும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்த 'பனியும் பனையும்' சிறுகதைத் தொகுதி 1994இல் வெளிவந்தபோது அந்தத் தலைப்பே ஒரு பிரகடனம் போலிருந்தது. ஓரெழுத்தை மாற்றினால் இங்கிருந்து அங்கே போய்விடலாம். அதன்பின் வந்த முன்னுரைகள், ஆண்டு மலர்கள், வெளியீட்டு விழா உரைகள் பலவற்றிலும் ஆறாம் திணை ஒரு தோரணமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. தோரணம் கட்டிய வீட்டுக்குள்ளே ஆட்கள் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

இந்தக் கட்டுரை அப்படி எட்டிப் பார்க்கும் ஒரு முயற்சி. நான் பேராசிரியனல்லன். பல்கலைக்கழகப் படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றுபோனது. மொன்றியலுக்கு வந்தபின் ஓர் உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, இப்போது அடுப்படிக்கு உயர்ந்திருக்கிறேன். ஆகவே என் கேள்வியும் குசினிக் கேள்விதான்: மூடியைத் திறந்தால் சட்டிக்குள் என்ன இருக்கிறது?

திணையென்றால் என்னவென்று தொல்காப்பியம் தெளிவாக வகுத்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்பன கருப்பொருள். அங்கே வாழும் மனிதருக்குள் நிகழ்வது உரிப்பொருள். மூன்றும் சேர்ந்தால்தான் திணை. வெறும் காலநிலை அறிக்கை திணையாகிவிடாது. இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு எமது 'ஆறாம் திணை'க்குள் போனால், முதற்பொருள் தாராளமாகக் கிடைக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் பனி கொட்டுகிறது. கருப்பொருளைத் தேடினால் கையில் அகப்படுவது சொற்பம். அந்தப் பனிக்குள் எந்தப் பறவை நிற்கிறது? எந்த மரம் இலையோடு இருக்கிறது, எது இலை கொட்டியது? உறைந்த ஏரிக்குக் கீழே எந்த மீன்? பதிலில்லை. மரம் 'மரம்' என்றே வருகிறது. பறவை 'பெயர் தெரியாத பறவை'யாக வருகிறது. முப்பது வருடம் ஒரு ஊரில் இருந்தவர் அந்த ஊர்ப் பறவையின் பெயரைக் கேட்டறியவில்லையென்றால் அது பறவையின் குற்றமல்ல.

எமது கதைகளில் பனி பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. கதாநாயகன் பஸ்ஸிலிருந்து இறங்குவான். பனி முகத்தில் அறையும். உடனே ஊர் ஞாபகம் வரும். வேலி, கிணற்றடி, அம்மா. வெள்ளை நிறம் விதவைச் சேலையாகும், அல்லது பிணத்தின் மேற்போர்வையாகும். பனி அங்கே ஒரு திரைச்சீலை. ஊரைப் படமாகக் காட்டுவதற்கு வெள்ளைத் துணி தேவைப்படுகிறது, அவ்வளவே. இதை ஏளனத்துக்காகச் சொல்லவில்லை. வந்து இறங்கிய முதற் குளிர்காலத்தில் எவருக்கும் கண் அப்படித்தான் பார்க்கும். முப்பதாவது குளிர்காலத்திலும் அதே கண்தானா என்பதே கேள்வி.

விதிவிலக்குகள் உண்டு. கனடாவில் வாழ்ந்து 2015இல் மறைந்த கவிஞர் திருமாவளவன் 2000இல் வெளியிட்ட தமது தொகுதிக்கு 'பனிவயல் உழவு' என்று பெயரிட்டார். பனியை வயலாகவும், அதற்குள் செய்யும் உழைப்பை உழவாகவும் பார்க்கும் பெயர் அது. பனிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அழும் ஆளை அந்தத் தலைப்பில் காணமுடியாது. ஏதோவொரு கருவியோடு நிற்கும் ஆளைத்தான் காணலாம். ஆறாம் திணைக்கான வாசல் அந்தப் பக்கமாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

*

'பனி' என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பனியென்றால் மார்கழி, தை மாதத்து விடியற்புறத்தில் புல்நுனியில் நிற்கும் ஈரம். 'பனிக்குள்ளை நிக்காதை, தடிமன் பிடிக்கும்' என்று துவாயால் தலையை மூடிவிடுவார்கள். பழந்தமிழில் முன்பனி, பின்பனி என்று இரண்டு பெரும்பொழுதுகளே இருந்தன. அந்தச் சொல்லைத்தான் நாங்கள் இங்கே கொண்டுவந்து, ஒரு குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மீற்றர் கொட்டும் இந்த வெள்ளைப் பொருளின்மேல் ஒட்டியிருக்கிறோம்.

ஆனால் பேச்சில் அப்படிச் சொல்வதில்லை. 'நேற்று இரவு சரியான ஸ்நோ' என்கிறோம். 'ஐஸிலை சறுக்கிப்போட்டுது' என்கிறோம். எழுத உட்கார்ந்தால் மட்டும் ஸ்நோ பனியாகிவிடுகிறது. சவளோடு வாசலை வெட்டுபவன் ஸ்நோவை வெட்டுகிறான்; கவிதையில் உருகுபவன் பனியில் உருகுகிறான். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரமே எமது இலக்கியத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையிலுள்ள தூரம். ஸ்நோ என்றே எழுதவேண்டும் என்று நான் வாதாடவில்லை. பனி என்றே எழுதலாம். அந்தச் சொல்லுக்குள் சவளும் உப்பும் நனைந்த காலுறையும் வந்து சேரவேண்டும்.

சொல் பயணம் செய்வது எமக்குப் புதிதல்ல. தூத்துக்குடியின் வெக்கையில், பனிப்பொழிவைக் கண்ணாலும் கண்டிராத கடற்கரை மக்கள், நூற்றாண்டுகளாகப் 'பனிமய மாதா'வைக் கும்பிட்டு வருகிறார்கள். ரோமாபுரியின் ஒரு குன்றில் கடுங்கோடையில் பனி பெய்ததாகச் சொல்லும் ஐதீகம், பரதவரின் பேராலயத்தில் ஒவ்வொரு ஆவணித் திங்கள் 5ஆம் திகதியும் பெருவிழாவாகிறது. இங்கே மொன்றியலில் எம்மவர் பலர் முதன்முதல் அறை எடுத்துக் குடியிருந்த பகுதிகளில் ஒன்றான கோத்-டெ-நேஜ் என்பதன் பொருளும் பனிச்சரிவு என்பதுதான். அதே மாதாவின் பெயரில்தான் அங்குள்ள பெரிய இடுகாடும் இருக்கிறது. வாடகைக் கடிதத்தில் தினமும் அந்தப் பெயரை எழுதிய நாங்கள், ஆறாம் திணையை முன்னுரைகளில் தேடிக்கொண்டிருந்தோம்.

*

உறைந்த ஏரியின் பக்கத்தில் ஒருவன் சும்மா இருந்து எழுதியது என்றால், உலக இலக்கியத்தில் முதலில் நினைவுக்கு வருவது ஹென்றி டேவிட் தோரோவின் 'வோல்டன்'. 1845 ஆடி 4ஆம் திகதி தொடங்கி இரண்டு வருடமும் இரண்டு மாதமும் மாசாசூசெட்ஸில் வோல்டன் குளக்கரையில், தானே கட்டிய சிறு வீட்டில் தோரோ வாழ்ந்தார். புத்தகம் 1854இல் வந்தது. அதன் கடைசி அத்தியாயங்கள் குளிர்காலத்தைப் பற்றியவை. காந்தியின் வழியாகத் தோரோவின் பெயரைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அது ஒத்துழையாமை பற்றிய கட்டுரைக்காக. இந்தக் குளிர்கால அத்தியாயங்களை நாங்கள் தமிழில் விவாதித்ததாகத் தெரியவில்லை. பனிநாட்டில் இருந்து எழுதுபவர்களுக்கு இவைதான் அதிகம் தேவை.

தோரோ குளத்தை முதலில் அளந்தார். வோல்டனுக்கு அடியே இல்லையென்று ஊரில் ஒரு கதை உலாவியது. 1846இன் தொடக்கத்தில், பனி உறுதியாக இருந்த நாட்களில், அவர் ஐஸில் துளையிட்டுத் தூண்டிற் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். ஆழமான இடத்தில் 102 அடி வந்தது. அடியில்லை என்று சொன்னவர்களில் ஒருவர்கூடக் கயிறு விட்டுப் பார்த்திருக்கவில்லை என்பதை அவர் குறும்பாகவே எழுதுகிறார். எமது கவிதைகளில் வரும் 'அடியற்ற துயரம்', 'எல்லையற்ற வெண்மை' என்பவற்றை வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கயிறும் கல்லும் என் நினைவுக்கு வருகின்றன. துயரம் பொய்யென்பது என் கருத்தல்ல. அதற்கும் ஓர் அடி இருக்கும். அளந்து சொன்னால் வாசிப்பவனுக்கு நம்பிக்கை வரும்.

அடுத்தது, அந்த அமைதியின் விலை. 1846-47 குளிர்காலத்தில் வோல்டன் குளத்துக்கு நூறு அயர்லாந்துக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஐஸை வாளால் அறுத்துக் கட்டி கட்டியாக அடுக்குவது அவர்களின் வேலை. அக்காலத்தில் நியூ இங்கிலாந்தின் ஏரி ஐஸ் பெரிய ஏற்றுமதிப் பண்டம். பிரெடெரிக் ரியூடர் என்ற பொஸ்ரன் வியாபாரி 1833இல் அதைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினால் பாதிக்குமேல் உருகாமல் போய்ச் சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கென்றே ஒரு களஞ்சியம் எழுந்தது. அந்தக் கட்டிடத்தைச் சுற்றியுள்ள பகுதியை இன்றைக்கும் 'ஐஸ் ஹவுஸ்' என்கிறார்கள். 1897இல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். இப்போது விவேகானந்தர் இல்லம். ஆக, நாங்கள் உறைந்த ஏரிக்கு வருவதற்கு நூற்றைம்பது வருடத்துக்கு முன்னரே உறைந்த ஏரி தமிழ்நாட்டுக்கு வந்து, துரைமாரின் கிண்ணத்துக்குள் கரைந்திருக்கிறது. சென்னைக்காரரும் தனது கிணற்றில் நீர் குடிக்கிறார்கள் என்ற எண்ணம் தோரோவுக்கு மகிழ்ச்சி தந்தது. கங்கை நீரோடு வோல்டன் நீர் கலப்பதை அவர் கற்பனை செய்து பார்த்தார்.

அழகான கற்பனைதான். ஆனால் குசினியிலிருந்து வாசிப்பவனின் கண் வேறிடத்துக்குப் போகிறது. ஐஸ் அறுத்த அந்த நூறு பேர் யார்? 1845 முதல் உருளைக்கிழங்கு நோயால் அயர்லாந்தில் பஞ்சம். அமெரிக்காவிலும் கனடாவிலும் மிகக் கடினமான, மிகக் குறைந்த கூலி வேலைகளை அயர்லாந்துக்காரர்களே செய்துகொண்டிருந்தார்கள். அந்த அறுவடை முடிந்த அதே 1847இன் கோடையில், பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலில் வந்தவர்களில் ஏறத்தாழ 6000 பேர் இந்த மொன்றியலில், புவெந்த்-சென்-ஷார்ள் கொட்டில்களில், காய்ச்சலில் இறந்தார்கள். 1859இல் விக்ரோறியா பாலம் கட்டிய தொழிலாளர் அவர்களுக்காக ஆற்றிலிருந்து ஒரு பெரிய கருங்கல்லை எடுத்து நிறுத்தினார்கள். பாலத்தடியில் வாகனங்கள் சுற்றிப்போகும் இடத்தில் அந்தக் கல் நிற்கிறது.

தோரோ அந்த நூறு பேரைச் சித்திரம்போல் வரைகிறார். வேடிக்கையாகவும் எழுதுகிறார். அவர்களில் ஒருவருடைய பெயரும் எமக்குக் கிடைப்பதில்லை. இன்னோர் அத்தியாயத்தில், சதுப்பு நிலத்தைக் கூலிக்கு வெட்டிப் பிழைக்கும் ஓர் அயர்லாந்துக் குடும்பத்துக்குத் தேநீரையும் கோப்பியையும் இறைச்சியையும் விட்டுவிட்டால் இவ்வளவு உழைக்கத் தேவையில்லை என்று புத்திமதி சொல்கிறார். பிள்ளைகுட்டிக்காரனுக்குத் தனிக்கட்டை சொன்ன புத்திமதி. பன்னிரண்டு மணித்தியாலம் நின்று வேலைசெய்துவிட்டு வந்து அதை வாசிக்கும் எவருக்கும் கோபம் வரும். எனக்கு வந்தது.

ஆனாலும் புத்தகத்தை மூடிவைக்க முடியவில்லை. காரணம், அதே குளிர்காலப் பகுதியில் உள்ள இன்னொரு அத்தியாயம். பனி மூடிக் கிடக்கும் நாட்களில், ஆள் நடமாட்டமற்ற அந்தக் காட்டில் தோரோ செய்வது என்ன? தனக்கு முன்னர் அங்கே குடியிருந்தவர்களை ஒவ்வொருவராக நினைவுகூர்கிறார். அவர்களில் முன்னாள் அடிமைகள் பலர். கேற்றோ, சில்ஃபா, பிறிஸ்ரர் என்று பெயர் சொல்கிறார். எந்த மேட்டில் யாருடைய வீடு இருந்தது, எந்தக் குழி யாருடைய நிலவறை, யார் நட்ட மரம் இன்னும் காய்க்கிறது என்றெல்லாம் எழுதுகிறார். கொன்கோர்ட் ஊரின் மரியாதையான வரலாறு ஒதுக்கிவிட்ட மனிதர்கள் இவர்கள். குளத்தின் அமைதி அந்த ஆட்களால் நிறைகிறது. கண்ணுக்கு முன்னால் நின்ற கூலிக்காரனை எண்ணிக்கையாகக் கடந்துபோனவர், இல்லாமற்போன அடிமையைப் பெயர் சொல்லி அழைத்தார். 'வோல்ட'னின் பலவீனமும் பலமும் இந்த இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன. இரண்டுமே எமக்குப் பாடம்.

*

இனி எமது ஏரிக்கு வருவோம். லாஷீனில், சென் லூயி ஏரிக்குக் கிட்டவாக, ஒரு வீட்டின் மேல்தட்டில் மூன்று பேர் வாடகைக்கு இருக்கிறோம். சென் லூயியை ஏரி என்று சொன்னாலும் அது உண்மையில் ஆறு. சென் லோறன்ஸ் ஆறு மொன்றியல் தீவைத் தொடுமுன் அகன்று விரிந்து கிடக்கும் இடம். சீனாவுக்கு வழிதேடிப் புறப்பட்ட லா சால் என்பவரைக் கிண்டல் பண்ணி வைத்த பெயர்தான் லாஷீன், அதாவது சீனா. எங்கேயோ போகப் புறப்பட்டு வேறெங்கேயோ தங்கிவிட்டவர்களின் ஊர் என்ற வகையில் எமக்குப் பொருத்தமான விலாசம்.

திங்கட்கிழமை உணவகம் பூட்டு. தை மாதத்து ஒரு திங்களில் வெளியே கழிவு இருபது. ஏரி கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளை. சென் லோறன்ஸ் கப்பல்வழி மார்கழி முடிவிலிருந்து பங்குனி பிற்பகுதிவரை மூடப்படுவதால் கப்பல் இல்லை. சத்தம் இல்லை என்று எழுதத்தான் கை போகும். ஆனால் யன்னலைக் கொஞ்சம் திறந்தால் ஐஸ் பேசுவது கேட்கிறது. குளிர் ஏறும்போதும் இறங்கும்போதும் அது வெடித்து, தூரத்தில் யாரோ பீப்பாயை உருட்டுவதுபோல ஒலிக்கிறது. கரையிலுள்ள பற்றையில் ஒரு சின்னக் குருவி, கறுப்புத் தொப்பி போட்டதுபோல் தலை. சிக்கடீ என்று தன் பெயரைத் தானே கூப்பிடும். வாத்துக்களெல்லாம் தெற்கே போனபின்னும் போகாமல் நிற்கும் பறவை அது. தூரத்தில் ஐஸில் துளையிட்டுச் சிலர் பேர்ச் மீனுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்சம் கீழே, லாஷீன் நீர்வீச்சு இந்தக் குளிரிலும் உறைவதில்லை. இந்த ஏரி முழுக்க ஐஸுக்குக் கீழே அந்தப் பக்கம் நோக்கி ஓடிக்கொண்டுதானிருக்கிறது.

கருப்பொருளில் பறையைத் தேடுபவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். பனி கொட்டிய இரவுகளில், தெருவை வெட்ட வருமுன், கார்களை அப்புறப்படுத்தும்படி மாநகரசபைக்காக ஓடும் இழுவை வாகனங்கள் ஊளையிட்டுக்கொண்டு வரும். அந்தச் சத்தம் கேட்டால் போர்வையை எறிந்துவிட்டுக் கார் வைத்திருப்பவன் ஓடுவான். கார் இல்லாதவன் திரும்பிப் படுப்பான். மொன்றியலின் பறை அதுதான். யாழ் வேண்டுமென்றால் குசினியில் புகையுறிஞ்சியின் ஓயாத ஒற்றைச் சுருதி. தொழில், மாவு குழைத்தல், கோப்பை கழுவுதல், பனி வெட்டுதல். உணவு, முதலாளி வீட்டுக்குக் கட்டித்தரும் மிச்சப் பூத்தீனும், நாங்கள் ஞாயிறு இரவு வைத்து மூன்று நாள் சாப்பிடும் ஆட்டிறைச்சிக் கறியும். சிரிப்பதற்காக இவற்றை அடுக்கவில்லை. இவை எமது பக்கங்களுக்குள் வராதவரை, திணை என்ற பெயரைக் கடன் வாங்கியிருக்கிறோம் என்றே அர்த்தம்.

ஏன் வரவில்லை? அதற்கான பதிலை எம்மோடிருக்கும் மூத்தவர் ஒருவர் வாயால் கேட்டேன். எண்பதுகளின் நடுவில் வந்தவர். அன்று நான் யன்னலடியில் குறிப்பெழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

'என்ன தம்பி, லீவு நாளிலை ஐஸைப் பாத்து எழுதுறாய்?'

'ஓம் அண்ணை. இந்த ஏரியைப் பற்றித்தான்.'

'ஏரியிலை என்ன கிடக்கு எழுத? சனம் பட்ட பாட்டை எழுது. சும்மா இருந்து குருவி பாத்தனான் எண்டு எழுதினால் வாசிக்கிறவன் என்ன நினைப்பான்?'

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அவருடைய தலைமுறை 1983ஐக் கண்டது. என்னுடையது 2009ஐக் கண்டது. இடைப்பட்ட காலத்தில் ஊரில் சாவு நடந்துகொண்டிருந்தபோது இங்கே ஒருவன் குருவியைப் பற்றி எழுதினால் அது துரோகம்போலத் தோன்றியிருக்கும். ஆகவே அமைதியான நாளை எழுதவே கூடாதென்று எங்களுக்கு நாங்களே ஒரு தணிக்கை போட்டுக்கொண்டோம். பனி துயரமாக மட்டும் வர அனுமதிக்கப்பட்டது. எமது இலக்கியத்தில் கருப்பொருள் இல்லாமற்போனதற்குச் சோம்பலைவிட இந்தக் குற்றவுணர்வே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இங்கேதான் உரிப்பொருள் பற்றிய கேள்வி வருகிறது. நாங்கள் எழுதிய பனி உண்மையில் எந்தத் திணை? பாலை. பிரிவு அதன் உரிப்பொருள். வேனிலோடு பின்பனியும் பாலைக்குரிய பெரும்பொழுதுதான். பாலைக்கென்று தனி நிலமில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அப்படியானால் ஆறாம் திணையென்று நாங்கள் கொண்டாடியது வெள்ளையடித்த பாலை. அதற்கு நிலம் தேவைப்படவில்லை. அதனால்தான் ரொறன்ரோவில் எழுதியதும் ஒஸ்லோவில் எழுதியதும் பாரிஸில் எழுதியதும் ஒரே பனியாக இருந்தது.

ஆனால் இங்கே நாங்கள் வாழும் வாழ்க்கை பிரிவு மட்டும்தானா? அகதி விண்ணப்பத்துக்கு விசாரணைத் திகதி வரும்வரை இருக்கிறோம். தீர்ப்பு வரும்வரை இருக்கிறோம். குடும்பத்தைக் கூப்பிடும் பத்திரம் வரும்வரை வருடக்கணக்கில் இருக்கிறோம். காணாமற்போனவருக்கு ஒரு பதில் வரும் என்று ஊரில் தாய்மார் தெருவோரக் கொட்டிலில் இருக்கிறார்கள். பிரிவைவிட நீண்டது இந்த இருத்தல். இருத்தல் முல்லையின் உரிப்பொருள். மழை வரும், போனவன் வருவான் என்று ஆற்றியிருப்பது. உறைந்த ஏரியும் அப்படித்தான் இருக்கிறது. மேலே அசைவில்லை, கீழே நீர் ஓடுகிறது, மீன் உயிரோடிருக்கிறது. அதைப் பிணம் என்று எழுதியவர்கள் அதன்மேல் நடந்து பார்த்ததில்லை. குளிர்காலத்தின் அமைதியான ஒரு நாளை எழுதுவதென்றால் இந்த இருத்தலை எழுதுவது. அதில் துரோகம் எங்கே வந்தது? ஓலத்தால் சொல்லமுடியாத ஒன்றை, காத்திருப்பவரின் நாள் எப்படிக் கழிகிறது என்பதை, அதனால் சொல்லமுடியும்.

வெப்ப நாட்டிலிருந்து வந்தவனால் இது முடியாதென்று சொல்லவும் இடமில்லை. ஹெயிற்றியிலிருந்து 1976இல் மொன்றியலுக்குத் தப்பி வந்து தொழிற்சாலைகளில் வேலைசெய்த டானி லாஃபெரியேர் 2009இல் எழுதிய 'திரும்புதலின் புதிர்' என்ற பிரெஞ்சு நூல், தந்தையின் மரணச் செய்தியோடு வடக்கின் குளிருக்குள் தொடங்கி ஹெயிற்றியில் முடிகிறது. அங்கே குளிர் திரைச்சீலையாக இல்லை. மனிதன் சிந்திக்கும் இடமாக இருக்கிறது. சமையலறையும் வெறுங்கையுமாக வந்தவர்களின் நகரம் இது. இங்கே எழுதப்பட்டதை நாங்கள் வாசித்தாவது பார்க்கவேண்டும்.

*

ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது. எமது யன்னலுக்கு நேரே, ஏரியின் அக்கரையில் தெரியும் விளக்குகள் கானவாகேயினுடையவை. மோஹோக் மக்களின் ஊர். 1959இல் திறந்த கப்பல்வழிக்காக அவர்களுடைய ஆற்றங்கரை நிலத்தை எடுத்தார்கள். ஆற்றோடு வாழ்ந்த ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே கால்வாய் வந்தது. 1990 ஆடியில், ஓகா என்ற இடத்தில் குழிப்பந்து மைதானத்தைப் பெருப்பிப்பதற்காக மோஹோக் மக்களின் பைன்காட்டிலும் மூதாதையர் இடுகாட்டின் பக்கத்திலும் கைவைக்கப் போனபோது அவர்கள் மறித்து நின்றார்கள். கானவாகேக்காரர் மெர்சியர் பாலத்தை மறித்தார்கள். இராணுவம் வந்தது. 78 நாள் நீடித்தது.

அதே 1990இல்தான் வலிகாமம் வடக்கு மக்கள் தங்கள் நிலத்தை விட்டு வெளியேறினார்கள். அது உயர் பாதுகாப்பு வலயமானது. அதே வருடம் ஐப்பசியில்தான் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் புலிகளால் விரட்டப்பட்டார்கள். மூன்றும் ஒரே வருடம். எம்மவர் பலர் அப்போது மொன்றியலில் இருந்தார்கள். அந்தப் பாலத்துப் போக்குவரத்து நெரிசலில் வேலைக்குப் பிந்தியும் போயிருப்பார்கள். நான் வாசித்த எமது எழுத்துக்களில் இந்த மூன்றையும் ஒரே கண்ணால் பார்த்த ஒரு பக்கத்தைக் காணவில்லை.

பனியை 'வெறுமை' என்று எழுதுவதில் உள்ள ஆபத்து இதுதான். இந்த நிலம் வெறுமையானது என்று சொல்லித்தான் ஐரோப்பியர் இதை எடுத்துக்கொண்டார்கள். தங்கள் நிலத்தை இழந்து வந்த நாங்கள் அதே சொல்லை, கவிதை என்ற பெயரில், இங்குள்ளவர்களின் நிலத்தின்மேல் எழுதுகிறோம். தோரோ தமது காட்டில் குடியிருந்தவர்களின் பெயரைத் தேடியதுபோல, ஆறாம் திணை எழுதுபவருக்கும் தனக்கு முன்னால் இங்கே யார் இருந்தார், இருக்கிறார் என்ற விசாரணை இருக்கவேண்டும். தோரோ விட்டுவிட்ட ஐஸ் வெட்டியின் பெயரையும் நாங்கள் விடக்கூடாது. ஏனென்றால் இந்த முறை அந்த ஐஸ் வெட்டி நாங்கள்தான்.

ஆகவே எமது சஞ்சிகைகளுக்கும் எழுதுபவர்களுக்கும் என் வேண்டுகோள் சிறியது. ஊரைப் பற்றி எழுதுங்கள். யாரும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை. இங்கத்தைய ஒரு நாளையும் எழுதுங்கள். வேலையில்லாத ஒரு திங்கட்கிழமை, வெளியே கழிவு இருபது, யன்னலுக்கு அப்பால் தெரிவது என்ன என்று எழுதுங்கள். மரத்துக்குப் பெயர் கேளுங்கள். ஐஸ் எவ்வளவு தடிப்பு என்று மீன்பிடிக்கிறவரிடம் விசாரியுங்கள். அக்கரையில் யாருடைய விளக்கு என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு அது ஆறாம் திணையா, ஏழாம் திணையா என்பதை முன்னுரை எழுதுபவர்கள் ஆறுதலாகத் தீர்மானிக்கட்டும்.